ஸிப் கோப்பைத் தந்த பில் காட்ஸ் (1962 – 2000)

மாணவர்களே, பாடசாலைக் கணினி அறையில் ஸிப் கோப்பு ஒன்றைத் தெரிவுசெய்து, அதனை நோட்பேட் மென்பொருளில் திறந்து பாருங்கள். திரை முழுவதும் வாசிக்க முடியாத குறிகள் நிறைந்திருக்கும். ஆனால் முதல் இரண்டு எழுத்துகளை மட்டும் தெளிவாக வாசிக்கலாம். அவை பீ, கே என்னும் இரு ஆங்கில எழுத்துகளாகும். 2007 ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் வேர்ட் மென்பொருள் சேமித்துவரும் ஆவணங்களைத் திறந்தாலும் இதே இரண்டு எழுத்துகள் தொடக்கத்தில் நிற்கும். அன்ரொயிட் கைப்பேசிச் செயலிகளின் பொதிக் கோப்புகளும் அப்படித்தான்.

அவ்வெழுத்துகள் ஒரு மனிதரின் பெயரின் முதலெழுத்துகள். அவர் பிலிப் வோல்டர் காட்ஸ் என்னும் அமெரிக்க செய்நிரலாளர். பில் காட்ஸ் என்றே உலகம் அவரை அறியும். அஸ்கி குறிமுறையில் பீ எழுத்தின் பெறுமானம் 80, கே எழுத்தின் பெறுமானம் 75. இவற்றைத் துவித எண்ணாக மாற்றினால் முறையே 01010000, 01001011 எனக் கிடைக்கும். எண் முறைமைகள் அலகில் நீங்கள் செய்யும் மாற்றம்தான் இது. ஒருமுறை தாளில் செய்து சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இளமைக் காலம்

பில் காட்ஸ் 1962 நவம்பர் 3 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள மில்வோக்கி நகரில் பிறந்தார். தனிமையை விரும்பும் அமைதியான பிள்ளை. கணினி இன்னும் வீடுகளுக்கு வராத அக்காலத்தில் செய்நிரல் எழுதக்கூடிய கணிப்பான்கள் விற்பனையில் இருந்தன. தந்தையும் மகனும் அத்தகைய கணிப்பானை வைத்துக்கொண்டு இரவில் செய்நிரல் எழுதிப் பழகினர். கணிப்பானின் நினைவகம் மிகச் சிறியது. ஒரு கட்டளையை வீணாக்கினாலும் செய்நிரல் அதற்குள் அடங்காது. குறைந்த இடத்தில் அதிக வேலையை அடக்கும் பழக்கம் காட்ஸுக்கு அங்கேயே தொடங்கியது எனலாம். பல்கலைக்கழகத்தில் கற்கும் காலத்தில் அவர் தந்தையை இழந்தார்.

விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் மில்வோக்கி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் பயின்று 1984 இல் பட்டம் பெற்றார். அதன்பின் அலன்-பிராட்லி என்னும் நிறுவனத்தில் தொழிற்சாலை இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கருவிகளுக்குச் செய்நிரல் எழுதினார். 1986 இல் கிரேசொப்ட் என்னும் சிறிய மென்பொருள் நிறுவனத்திற்கு மாறினார். பகலில் அங்கு வேலை. இரவில் தமது சொந்த முயற்சி. அந்தச் சொந்த முயற்சியே கோப்புச் சுருக்கம்.

ஏன் சுருக்க வேண்டும்?

இன்றைய மாணவர் இதைக் கேட்பது நியாயமே. உங்கள் கையிலுள்ள சாதாரண பென் டிரைவில்கூடப் பல ஆயிரம் மெகாபைற்று இடம் உண்டு. 1980களில் அப்படி இல்லை. அக்கால ஐ.பீ.எம். தனியாள் கணினிகளில் பரவலாகப் பயன்பட்ட 5.25 அங்குல நெகிழ்வட்டில் 360 கிலோபைற்று அளவே சேமிக்கலாம். பின்னர் பரவலான 3.5 அங்குல வட்டில் 1.44 மெகாபைற்று. 1983 இல் வந்த கணினியின் வன்தட்டு 10 மெகாபைற்று; அதை வைத்திருந்தவர் பெருமைப்பட்டுக்கொண்டார்!

கோப்புகளைத் தொலைபேசி வழியாக மொடெம் மூலம் அனுப்புவதும் அக்காலத்தில் வழக்கத்துக்கு வந்திருந்தது. மொடெமின் வேகம் செக்கனுக்கு 2400 பிற்று எனக் கொள்வோம். ஒரு பைற்றை அனுப்ப, தொடக்கப் பிற்று, நிறுத்தப் பிற்று உட்பட 10 பிற்று செலவாகும். ஆகவே செக்கனுக்கு 240 பைற்று. 360,000 பைற்றுக் கோப்பு ஒன்றை அனுப்ப 1500 செக்கன், அதாவது 25 நிமிடம் தேவை. தொலைபேசிக் கட்டணமோ நிமிடக் கணக்கில் ஏறும். அக்கோப்பைப் பாதியாகச் சுருக்கினால் 12½ நிமிடம் போதும். சுருக்கும் மென்பொருளுக்கு மக்கள் ஏன் அலைந்தார்கள் என்பது இப்போது புரியும்.

லக்கலப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எனக்கு எப்போதும் இலகுவாகவே இருந்திருக்கிறது. மாத்தளையிலிருந்து இரத்தொட்டை வழியாக ரிவர்ஸ்டன் மலையைக் கடந்து பல்லேகமவுக்கு வரும் பாதையை அறிந்தவர்களுக்கு, ஒரு தடவை போய்வருவதன் பெறுமதி தெரியும். முன்பொரு முறை செய்நிரலொன்றை மூன்று நெகிழ்வட்டுகளில் பிரித்துப் போட்டு அப்பாதையால் பஸ்ஸில் கொண்டுவந்தேன். வந்து சேர்ந்தபின் மூன்றாவது வட்டு வாசிக்க முடியாமல் போனது. மலைநாட்டு ஈரலிப்பில் வட்டில் பூஞ்சணம் பிடிப்பது புதினமல்ல. அது இரண்டு வட்டில் அடங்கியிருந்தால் ஒரு நாள் பயணம் மிச்சம்.

வழக்கும் இணக்கமும்

அக்காலத்தில் கோப்புகளைச் சுருக்கி ஒரே பொதியாக்க ஆர்க் என்னும் மென்பொருள் பயன்பட்டது. அதனை ஆக்கியவர் தொம் ஹென்டர்சன். அவருடைய நிறுவனத்தின் பெயர் சிஸ்டம் என்ஹான்ஸ்மென்ட் அசோசியேட்ஸ். ஆர்க் செய்நிரலின் மூல நிரலை எவரும் பார்க்கக்கூடியதாக அந்நிறுவனம் வெளியிட்டிருந்தது. அது சீ மொழியில் எழுதப்பட்டது.

காட்ஸ் இதனை எடுத்து, வேகம் தேவைப்பட்ட முக்கிய பகுதிகளைப் பொறிமொழிக்கு மிக நெருங்கிய அசெம்பிளி மொழியில் எழுதினார். அவர் வெளியிட்ட பீகேஆர்க் மென்பொருள் ஆர்க்கை விடப் பல மடங்கு விரைவாக இயங்கியது. பாவனையாளர்கள் அதன் பக்கம் சாய்ந்தனர். தாயார் ஹில்டகார்டின் வீட்டுச் சமையலறை மேசையில் காட்ஸ் தமது பீகேவெயர் நிறுவனத்தை ஆரம்பித்தார். மென்பொருளை எவரும் பிரதி செய்து பயன்படுத்திப் பார்க்கலாம், பிடித்திருந்தால் பணம் அனுப்பலாம் என்னும் முறையிலேயே அவர் விநியோகித்தார். இதனைப் பகிர்மென்பொருள் என்பர்.

1988 இல் ஹென்டர்சனின் நிறுவனம் பதிப்புரிமை மீறல், வணிகக் குறி மீறல் என்று காட்ஸ் மீது வழக்குத் தொடுத்தது. இரு செய்நிரல்களையும் ஒப்பிட்ட நிபுணர் ஒருவர், காட்ஸின் செய்நிரலில் ஆர்க்கின் பகுதிகள் அப்படியே இருப்பதைக் கண்டார். மூல நிரலில் இடப்பட்டிருந்த விளக்கக் குறிப்புகளின் எழுத்துப் பிழைகள்கூட மாறாமல் இடம்பெற்றிருந்தன. செயற்றிட்ட அறிக்கையை நண்பனிடமிருந்து பிரதி செய்து, அவனது எழுத்துப் பிழையாலேயே ஆசிரியரிடம் அகப்படும் மாணவனின் கதைதான் இதுவும். அதே ஆண்டில் இரு தரப்பும் இணக்கத்துக்கு வந்தன. காட்ஸின் நிறுவனம் மொத்தம் 62,500 டொலர் செலுத்தியது. குறித்த காலத்தின் பின் ஆர்க் வடிவக் கோப்புகளுக்கான மென்பொருளை விற்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டது.

பல நூல்கள் இவ்விடத்தில் காட்ஸை ஒரு வீரராகவும் ஹென்டர்சனைப் பேராசைக்காரராகவும் காட்டுகின்றன. அன்றைய பாவனையாளர்களும் அப்படியே எண்ணினர். பெரிய கம்பனி ஒன்று தனி இளைஞன் ஒருவனை நசுக்குகிறது என்று பேசிக்கொண்டனர். உண்மையில் ஹென்டர்சனின் நிறுவனமும் ஒரு சிறிய குடும்ப நிறுவனமே. காட்ஸ் பிறர் நிரலை எடுத்ததும் உண்மை, அதனை மிகத் திறமையாக மேம்படுத்தியதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே அவரைப் படிக்க வேண்டும்.

ஸிப் வடிவம் பிறந்தது

வழக்கில் தோற்றவர் அடுத்து என்ன செய்தார் என்பதே இவ்வாழ்க்கையின் சிறப்பான பகுதி. 1989 இல் காட்ஸ், கேரி கொன்வே என்பவருடன் சேர்ந்து முற்றிலும் புதிய ஒரு கோப்பு வடிவத்தை அமைத்தார். ஒரு நண்பர் சொன்ன யோசனைப்படி அதற்கு ஸிப் என்று பெயரிட்டார். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு விரைந்து செல்லல் என்ற பொருள் உண்டு. கோப்பின் ஒவ்வொரு பைற்றும் எங்கே இருக்க வேண்டும், என்ன பொருளுடையது என்னும் முழு விபரத்தையும் எழுதி மென்பொருளோடு சேர்த்தே வெளியிட்டார். எவரும் அவ்விபரத்தைப் பார்த்து, எவ்விதக் கட்டணமும் செலுத்தாமல் ஸிப் கோப்பைக் கையாளும் மென்பொருளை எழுதலாம். மூடி வைத்திருந்தால் அவர் ஒருவேளை கூடுதலாகச் சம்பாதித்திருப்பார். ஆனால் அவ்வடிவம் இத்தனை காலம் நிலைத்திருக்குமா என்பது சந்தேகமே.

1993 இல் வெளிவந்த பீகேஸிப் இரண்டாம் பதிப்பில் டிஃப்லேட் என்னும் சுருக்க முறை இடம்பெற்றது. இது இரு பழைய கருத்துகளைப் பொருத்தமாக இணைத்த முறையாகும்.

முதலாவது கருத்து, இஸ்ரேலியரான ஆபிரகாம் லெம்பெல், யாக்கோப் ஸிவ் ஆகிய இருவரும் 1977 இல் வெளியிட்டது. வகுப்பு இடாப்பு ஒன்றை நினைத்துப் பாருங்கள். முதல் மாணவனின் பெயருக்கு எதிரே லக்கல, மாத்தளை மாவட்டம் என்று முகவரி எழுதுகிறோம். அடுத்த 39 மாணவருக்கும் அதே முகவரி. ஒவ்வொரு முறையும் அதனை எழுதுவோமா? மேற்படி என்று எழுதி விடுவோம். கணினியும் அதையே செய்கிறது. முன்னர் வந்த ஒரு பைற்றுத் தொடர் மீண்டும் வந்தால், அதனைத் திரும்ப எழுதாமல், இத்தனை இடம் பின்னே சென்று இத்தனை பைற்றை எடுத்துக்கொள் என்று இரு எண்களை மட்டும் எழுதுகிறது.

இரண்டாவது கருத்து, டேவிட் ஹஃப்மன் என்னும் அமெரிக்கர் மாணவராக இருந்தபோது கண்டுபிடித்து 1952 இல் வெளியிட்டது. அடிக்கடி வரும் குறிக்குக் குறுகிய குறிமுறை, அரிதாக வரும் குறிக்கு நீண்ட குறிமுறை என்பதே அதன் சாரம். 100 எழுத்துகள் கொண்ட ஒரு கோப்பில் க 60 தடவையும் ப 20 தடவையும் த 10 தடவையும் ம 10 தடவையும் வருகின்றன எனக் கொள்வோம். நான்கு எழுத்துகளையும் சமமாகக் குறிக்க ஒவ்வொன்றுக்கும் 2 பிற்று வேண்டும். மொத்தம் 200 பிற்று. ஹஃப்மன் முறைப்படி க என்பதற்கு 0, ப என்பதற்கு 10, த என்பதற்கு 110, ம என்பதற்கு 111 எனக் கொடுத்தால், 60 + 40 + 30 + 30 = 160 பிற்று போதும். ஐந்திலொரு பங்கு மிச்சம். ஒரு குறிமுறை இன்னொரு குறிமுறையின் தொடக்கமாக அமையாதபடி கொடுக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். அதனாலேயே இடையில் பிரிகோடு இல்லாமலும் பிழையின்றி வாசிக்க முடிகிறது.

இயங்கும் செய்நிரலையே சுருக்குதல்

இனி இப்பாடத்தின் முக்கிய பகுதிக்கு வருவோம். ஸிப் கோப்பில் ஓர் இடைஞ்சல் உண்டு. உள்ளே இருக்கும் செய்நிரலைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் அதனை விரித்து வட்டில் எழுத வேண்டும். விரித்ததும் மிச்சப்படுத்திய இடம் போய்விடும். நாள்தோறும் பயன்படுத்தும் செய்நிரலுக்கு இது சரிவராது.

செய்நிரலைச் சுருங்கிய நிலையிலேயே வட்டில் வைத்திருந்து, அப்படியே இயக்கவும் முடிந்தால்? இதற்கான முயற்சிகள் முன்னரும் இருந்தன. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் எக்ஸ்பேக் 1980களின் நடுப்பகுதியிலேயே இருந்தது. ஒரே பைற்று தொடர்ச்சியாக வரும் இடங்களை மட்டும் அது சுருக்கியது. 1989, 1990 ஆண்டுகளில் பிரான்ஸ் நாட்டின் ஃபப்ரிஸ் பெலார்ட் என்னும் 17 வயது மாணவர் எல்ஸெட்எக்ஸ்ஈ என்னும் செய்நிரலை ஆக்கினார். உங்களை விட ஓரிரு வயதே மூத்தவர்! 1990 இல் காட்ஸின் நிறுவனம் பீகேலைட் என்னும் மென்பொருளை வெளியிட்டது. டொஸ் பணிசெயல் முறைமையில் இயங்கும் செய்நிரல் கோப்புகளைச் சுருக்குவதே அதன் வேலை.

அது எவ்வாறு செயற்படுகிறது என்பதை ஓர் உதாரணத்தால் நோக்குவோம். களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய பல்லேகமப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்து, 2018 இல் லக்கல புதிய நகரம் திறக்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். அப்படி வீடு மாறும் குடும்பம் ஒன்றிடம் பெரிய அலுமாரி ஒன்று இருப்பதாகக் கற்பனை செய்வோம். அதனை முழுதாக லொறியில் ஏற்றினால் பாதி லொறி நிறைந்துவிடும். ஆகவே கழற்றிப் பலகைகளாக அடுக்குகிறார்கள். அதே லொறியில் தச்சர் ஒருவரையும் ஏற்றிக்கொள்கிறார்கள். புதிய வீட்டுக்குப் போனதும் தச்சர் முதலில் இறங்கி, பலகைகளைப் பொருத்தி, அலுமாரியை முன்பிருந்தபடியே நிறுத்திவிட்டு விலகிக்கொள்கிறார். வீட்டார் அலுமாரியைப் பயன்படுத்தத் தொடங்குகிறார்கள். அது கழற்றப்பட்டுப் பூட்டப்பட்டது என்பது பார்ப்பவருக்குத் தெரியாது.

பீகேலைட் சுருக்கிய கோப்பினுள்ளும் இப்படி ஒரு தச்சர் இருக்கிறார். சுருங்கிய செய்நிரலுடன் சில நூறு பைற்று அளவான சிறிய விரிக்கும் நிரல் ஒன்றும் அதில் சேர்க்கப்பட்டிருக்கும். நீங்கள் கோப்பின் பெயரைத் தட்டச்சு செய்து என்டர் விசையை அழுத்தியதும் பணிசெயல் முறைமை அச்சிறிய கோப்பைப் பிரதான நினைவகத்துக்கு ஏற்றுகிறது. முதலில் ஓடத் தொடங்குவது விரிக்கும் நிரலே. அது உண்மையான செய்நிரலை நினைவகத்திலேயே விரித்து, முகவரிகளைச் சரிசெய்து, அச்செய்நிரலின் தொடக்கக் கட்டளைக்குக் கட்டுப்பாட்டை ஒப்படைத்துவிடும். வட்டில் எதுவும் எழுதப்படுவதில்லை. வட்டிலுள்ள கோப்பு எப்போதும் சுருங்கியே இருக்கும்.

இடம் மிச்சமாவது விளங்குகிறது. விரிக்கும் வேலையும் சேர்ந்திருக்கையில் ஏற்றும் நேரம் எப்படிக் குறையும் என்று கேட்பீர்கள். பரீட்சை எழுதுபவர் பலர் தடுமாறும் இடமும் இதுவே. 240 கிலோபைற்றுச் செய்நிரல் ஒன்றை, செக்கனுக்கு 30 கிலோபைற்று வேகத்தில் வாசிக்கும் நெகிழ்வட்டிலிருந்து ஏற்றுவதாகக் கொள்வோம். 240 ஐ 30 ஆல் வகுக்க 8 செக்கன். அதனை 120 கிலோபைற்றாகச் சுருக்கிவிட்டால் வாசிக்க 4 செக்கன். விரிப்பதற்கு 1 செக்கன் எடுத்தாலும் மொத்தம் 5 செக்கனே. 3 செக்கன் இலாபம். வட்டு பொறிமுறைச் சாதனம், மெதுவானது. முறைவழிப்படுத்தி இலத்திரனியல் சாதனம், விரைவானது. மெதுவானவனின் வேலையைக் குறைத்து, விரைவானவனுக்குச் சிறிது வேலையைக் கூட்டினோம். ஆனால் முறைவழிப்படுத்தியும் மெதுவாக இருந்து விரிக்க 5 செக்கன் எடுக்குமானால் மொத்தம் 9 செக்கன் ஆகும், அப்போது நட்டம். இடத்துக்கும் நேரத்துக்கும் இடையிலான இக்கொடுக்கல் வாங்கல் கணினித் துறையில் எங்கும் உண்டு.

இன்னொன்றையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள். புகைப்படத்தைச் சுருக்கும்போது கண்ணுக்குத் தெரியாத சிறு விபரங்களைக் கைவிடலாம். இது இழப்புள்ள சுருக்கம். செய்நிரலில் அது கூடாது. ஒரு பிற்று மாறினாலும் கூட்டல் கட்டளை வேறொரு கட்டளையாகி, செய்நிரல் நின்றுவிடக்கூடும். எனவே செய்நிரலுக்கு எப்போதும் இழப்பில்லாச் சுருக்கமே பயன்படும். லெம்பெல்-ஸிவ் முறையும் ஹஃப்மன் முறையும் இழப்பில்லாதவை.

பீகேலைட்டின் விலைக்கு வாங்கும் பதிப்பில் மேலும் ஒரு வசதி இருந்தது. திரும்ப விரித்து வட்டில் எழுத முடியாதபடியும் கோப்பைச் சுருக்கலாம். பிறர் தமது செய்நிரலைத் திறந்து ஆராய்வதைத் தடுக்க விரும்பிய நிறுவனங்கள் இதனை நாடின. இதில் ஒரு தீமையும் வந்து சேர்ந்தது. வைரஸ் எழுதுவோரும் தமது செய்நிரலைச் சுருக்கி உருமாற்றி, வைரஸ் எதிர்ப்பு மென்பொருளின் கண்ணில் மண்ணைத் தூவ முயன்றனர். அதனால் இன்றும் சுருக்கப்பட்ட செய்நிரல் கோப்புகளைச் சில வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்கள் குற்றமில்லாதபோதும் சந்தேகத்துடன் நோக்குகின்றன.

வன்தட்டுகள் பெருத்து, விண்டோஸ் பரவியதும் இம்முறையின் தேவை குறைந்தது. விண்டோஸ், லினக்ஸ் போன்ற முறைமைகள் செய்நிரல் முழுவதையும் ஒரேயடியாக நினைவகத்துக்கு ஏற்றுவதில்லை. தேவையான பக்கங்களை மட்டும் தேவைப்படும்போது எடுக்கின்றன. சுருக்கிய கோப்பை அப்படிப் பகுதி பகுதியாக எடுக்க முடியாது, முழுவதையும் விரித்தாக வேண்டும். ஆகவே புதிய கணினியில் சுருக்கிய செய்நிரல் சிலவேளை மெதுவாகத் தொடங்குவதும் உண்டு. எனினும் கலை முற்றாக அழியவில்லை. 1990களின் பிற்பகுதியில் வந்த யூபீஎக்ஸ் என்னும் இலவச மென்பொருள் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. லினக்ஸின் கருநிரலும் பெரும்பாலான கணினிகளில் சுருங்கிய வடிவில் சேமிக்கப்பட்டு, கணினியை இயக்கியதும் தன்னைத்தானே விரித்துக்கொண்டு எழுகிறது.

இறுதிக் காலம்

1990களின் தொடக்கத்தில் காட்ஸின் மென்பொருள் உலகெங்கும் பரவியது. பணம் வந்தது. மனமோ அமைதியடையவில்லை. நிறுவன நிருவாகத்தில் அவருக்கு நாட்டமில்லை. நிரல் எழுதுவதே விருப்பம். விண்டோஸ் காலம் வந்தபோது பீகேவெயர் அதற்கேற்ற பதிப்பை வெளியிடத் தாமதித்தது. நிக்கோ மாக் என்பவர் 1991 இல் வெளியிட்ட வின்ஸிப் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. காட்ஸ் வெளிப்படையாகத் தந்த அதே வடிவத்தைப் பயன்படுத்தியே வின்ஸிப் வளர்ந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

காட்ஸ் மதுவுக்கு அடிமையானார். மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டியமைக்காகப் பலமுறை சட்டத்தின் பிடியில் அகப்பட்டார். நிறுவனத்தைத் தாங்கி நின்ற தாயாருடனும் உறவு முறிந்தது. இறுதி ஆண்டுகளில் வீட்டில் தங்காமல் விடுதிகளில் தனியே காலம் கழித்தார். 2000 ஏப்ரில் 14 ஆம் திகதி மில்வோக்கியில் ஒரு விடுதி அறையில் இறந்து கிடக்கக் காணப்பட்டார். நீண்டகால மதுப் பழக்கத்தால் கணையத்தில் ஏற்பட்ட இரத்தப்பெருக்கே மரணத்துக்குக் காரணம். அப்போது அவருக்கு வயது 37.

சில கையேடுகள் மாணவர் நலன் கருதி இப்பகுதியை விட்டுவிடுகின்றன. விடுவது சரியென எனக்குத் தோன்றவில்லை. கோடிக்கணக்கானோர் நாள்தோறும் பயன்படுத்தும் ஒன்றை ஆக்கியவர், துணைக்கு ஒருவருமின்றி இறந்தார் என்பதும் அவருடைய வரலாறே.

டிஃப்லேட் முறையின் விபரம் 1996 இல் இணையத் தொழினுட்ப ஆவணமாக வெளிவந்தது. அதே ஆண்டில் வெளிவந்த பீஎன்ஜி பட வடிவமும் அம்முறையைக் கொண்டே படங்களைச் சுருக்குகிறது. இணையப் பக்கங்கள் பலவும் உங்கள் கணினியை வந்தடையுமுன் அம்முறையாலேயே சுருக்கப்படுகின்றன. பீகேலைட் இன்று பழைய டொஸ் செய்நிரல்களைச் சேகரிப்போருக்கு மட்டும் தெரிந்த பெயர். டொஸ், விண்டோஸ் செய்நிரல் கோப்புகளின் தொடக்கத்தில் நிற்கும் எம், ஸெட் ஆகிய எழுத்துகள் மைக்ரோசொப்ட் நிறுவனத்தில் பணியாற்றிய மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் முதலெழுத்துகள். பீகேலைட் சுருக்கிய கோப்பைத் திறந்தால் அவருடைய எழுத்துகளே முன்னே நிற்கும். காட்ஸின் பெயர் பீகேலைட் என்னும் சொல்லாகச் சற்றுப் பின்னால் இருக்கும்.

பயிற்சி வினாக்கள்

1. எம், ஸெட் ஆகிய எழுத்துகளின் அஸ்கி பெறுமானங்கள் முறையே 77, 90 ஆகும். இவற்றைத் துவித எண்களாக மாற்றுக.

2. 300 கிலோபைற்றுச் செய்நிரல் ஒன்று 180 கிலோபைற்றாகச் சுருக்கப்பட்டது. வட்டின் வாசிப்பு வேகம் செக்கனுக்கு 30 கிலோபைற்று. விரிப்பதற்கு 2 செக்கன் தேவை. ஏற்றும் நேரத்தில் மிச்சமாவது எத்தனை செக்கன்? விரிப்பதற்கு எத்தனை செக்கனுக்கு மேல் எடுத்தால் சுருக்குவதால் நேர நன்மை இல்லாமற்போகும்?

3. செய்நிரல் கோப்புக்கு இழப்புள்ள சுருக்கம் பொருந்தாதது ஏன் என விளக்குக.

4. ஸிப் வடிவத்தின் விபரத்தைக் காட்ஸ் வெளிப்படையாக வெளியிட்டதால் அவருக்கு விளைந்த நன்மை ஒன்றையும் நட்டம் ஒன்றையும் எழுதுக.